பிணை மீண்ட நல்லினி பொருட்டு

நலம் பெருகுக. திரை வந்து வணங்கும் கரையும் கலம் வந்து தங்கும் துறையும் காக்கின்ற சங்குத்துறைப் பெருந்தேவி திரைவளை நங்கையார் திருமுன்பு, குறும்பாறை வேந்தர் நெடுங்காரியாரின் ஆணையால் அமைச்சன் மாவண்கிள்ளி வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் உப்பளங்கள் வெளுக்க, வலைகள் கனக்க, தங்கள் கரையில் விளக்கேற்றாத வீடு ஒன்றும் இல்லாதிருக்க.

ஆறாண்டுகளுக்கு முன் போர் நின்ற நாளில், சொன்ன சொல் தவறோம் என்பதற்குப் பிணையாக எம் வேந்தர் தம் ஒரே மகள் நல்லினியைத் தங்களிடம் ஒப்புவித்தார். அன்று அவளுக்கு வயது நான்கு. தாங்களோ அவளைப் பிணையென்று எண்ணாமல், ஓடவும் ஆடவும் விட்டு வளர்த்தீர்கள். தவணை முடிந்து, சென்ற தைத் திங்களில் பல்லக்கேற்றி அனுப்பினீர்கள். மகள் நலமாக வந்து சேர்ந்தாள் என்று அன்றே மறுமொழி விடுத்தோம். அவ்வோலையில் எழுதியது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று.

கோட்டை வாயிலில் முரசு முழங்கியபோது நல்லினி நின்றாள். நடக்கச் சொன்னபோது நடந்தாள். இட்டதை உண்கிறாள்; உப்புக் குறைந்தாலும் மிகுந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. அழுவதில்லை, சிரிப்பதுமில்லை. ஒருநாள் தோட்டத்தில் உள்ளங்கையில் முள் ஏறிக் குருதி வடிந்தபோது, யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் மும்முறை நாடி பார்த்து, உடலில் நோயில்லை என்று சொல்லிப் போனார்.

பங்குனித் திங்களில் ஒரு காலை, அரசியார் அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். பெற்ற தாயை நல்லினி இதுவரை அம்மா என்று அழைத்ததில்லை. விருந்தினர் அழைப்பதுபோலவே அழைப்பாள். அன்று அவளாகவே வாய் திறந்தாள்.

“தேவியாரே, இங்க எனக்கு எத்தன வருசம்?”

அரசியாருக்கு முதலில் விளங்கவில்லை. நல்லினி பொறுமையாக விளக்கினாள்.

“அங்க ஆறு வருசம்னு சொன்னாங்க. இங்க எத்தனன்னு யாரும் சொல்லல. அதான் கேட்டேன்.”

சீப்பைக் கீழே வைத்துவிட்டு அரசியார் வேந்தரிடம் ஓடினார். வேந்தர் அவைக்குப் போகவில்லை. மகள் முன் தரையில் அமர்ந்து, இங்கே தவணை ஏதும் இல்லை, இது உன் வீடு என்று உரைத்தார். நல்லினி கேட்டுக்கொண்டாள். “சரிங்க” என்றாள். ஒரு கட்டளையை ஏற்பதுபோலவே அதையும் ஏற்றாள்.

பின்னர், நல்லினியுடன் தாங்கள் அனுப்பிய செவிலி ஒருத்தி, செள்ளை என்னும் சிறுமியைப் பற்றி எம்மிடம் கூறினாள். தங்கள் அரண்மனை நீர்வாயிலில் ஓடம் விடுகிறவரின் மகள். நல்லினியின் வயதே உடையவள். நாள்தோறும் விடியலில் நீர்வாயில் வழியே வந்து நல்லினியை எழுப்பிவந்தவள் அவள்தானாம். உடனே, செள்ளையை இக்கோட்டைக்கே அழைத்துக்கொள்வதென்றும், அவள் பெற்றோருக்கு வீடும் நிலமும் ஈவதென்றும் வேந்தர் முடிவு செய்தார். அவ்வண்ணமே ஓலை எழுதி, இலச்சினை இடுமுன் அரசியார் முன்னிலையில் அடியேன் அதனை நல்லினிக்குப் படித்துக் காட்டினேன். அவள் மகிழ்வாள் என்று நினைத்தேன்.

“வேணாம்” என்றாள்.

ஏன் என்று வினவினேன்.

“செள்ளைக்குத் தண்ணிச் சத்தம் கேக்கலன்னா தூக்கம் வராது. இங்க தண்ணியே இல்ல. அவளும் என்னயப் போல ஆயிருவா. அவள அனுப்பச் சொல்லாதீங்க.” சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. எழுத்தாணியைப் பற்றியிருந்த என் கையைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “அந்த எடத்த அடிச்சிருங்க, அடிச்சிருங்க” என்றாள். ஊர் திரும்பிய பின் நல்லினியின் கண்ணில் நீர் கண்டது அன்றுதான்.

ஆகவே அவ்வோலையைக் கிழித்தோம். இப்போது வேண்டுவது வேறு. இரு நாட்டுக்கும் எல்லையான மஞ்சணையாற்றுத் துறைக்கு, திங்கள்தோறும் வளர்பிறை ஐந்தாம் நாள், செள்ளையைத் தந்தையோடு வரவிடுத்தருள்க. நல்லினியும் வருவாள். பொழுது சாயுமுன் அவளவள் தன் வீடு திரும்பட்டும். இருவரில் எவரும் எவருக்கும் பிணையல்லர்.

இதனை நல்லினிக்கு உரைத்தோம். சாயங்காலம் தன்னைத் துறையிலிருந்து அழைத்துவரப் போவது யார் என்று கேட்டாள். நானே வருவேன் என்றார் அரசியார்.

“நேரமானாலும் நிப்பீங்களா?”

“நிப்பேன்டா.”

நல்லினி தலையசைத்தாள். சிரிக்கவில்லை. ஆனால் அன்று உணவில் உப்பில்லை என்று சொன்னாள்.

தங்கள் நாடு தழைக்க. எம் பக்கத்துத் துறைக்காவலர்க்கு வேந்தர் இட்ட ஆணையும் தாங்கள் அறியும்பொருட்டு இதனுடன் வரைந்து, மலைமுடி இலச்சினை பொறித்தோம்: அந்நாளில் துறைக்கு வரும் சிறுமியர் இருவரையும் பெயர் கேட்டும் ஊர் கேட்டும் தடுத்தல் கூடாது, அவர்கள் பேசி முடிக்கும்வரை ஓடத்தின் கயிற்றை எவரும் அவிழ்த்தல் கூடாது.