ஏழு மாதம் ஏழு மாதம்தான்

ஏறாவூர்
நவம்பர் 28

அன்பு மகள் சப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று கிழமையாக வாய் திறக்காமல் இருந்தது போதும், இனி எழுதத்தான் போகிறேன். நீயும் மருமகன் இஷாமும் சின்னவளும் தோஹாவில் சுகமாக இருக்கத் துஆக் கேட்கிறேன். இங்கே உம்மாவும் நானும் சுகம்தான், மழையோடு உம்மாவுக்கு முழங்கால் வலி திரும்பி வந்திருக்கிறது, எனக்கு உன் படிவம் வந்திருக்கிறது. போனில் பேசியிருக்கலாம், ஆனால் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ அழுவாய், மருமகன் போனை வாங்குவார், எனக்குக் கோபம் வரும், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். லண்டன் நில அளவையாளர் பட்டயச் சங்கத்துக்கான அந்தப் படிவத்தில் நீ என் மேற்பார்வையில் பன்னிரண்டு மாதம் களத்தில் நில அளவை செய்ததாக நிரப்பி, கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறாய். நீ என்னோடு களத்தில் நின்றது ஏழு மாதம். மிச்ச ஐந்து மாதமும் கல்யாண வேலையிலும் விசா அலைச்சலிலும் போனது. நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாயா? இருபத்தாறு வருடக் களப் புத்தகங்களும் அலுமாரியில் இருக்கின்றன, நீ அளவைக் கோல் பிடித்த ஒவ்வொரு நாளும் உன் பெயரோடு இருக்கிறது. இரண்டு தரம் எண்ணினேன். எட்டாவது மாதம் வரவில்லை.

இங்கே எல்லோரும் உன் பக்கம். உம்மா மூன்று நாளாகத் தேத்தண்ணிக் கோப்பையைச் சத்தமாக வைக்கிறாள், “பெத்த புள்ளைக்கு ஒரு ஒப்பம் வெக்க ஏலாதா, நீதி பேசிப் பேசித்தானே ரெண்டு வருஷம் ஊட்டுக்குள்ள கிடந்தீங்க” என்கிறாள். அவளுடைய தம்பி முஹம்மட் வந்து, “லண்டன்லரிந்து ஆரு மச்சான் ஏறாவூருக்கு வந்து மாசம் எண்ணப் போறான்” என்று சிரித்தான். எனக்கு நில அளவை உரிமம் இல்லாத காலத்தில் தன் கடை வாசலால் நான் போனபோது கண் தெரியாதவன்போல் இருந்தவன், இப்போது எனக்குப் புத்தி சொல்கிறான். அந்தக் காலத்தில் என்னைப் பார்த்து ஒருவன் சிரித்ததையும் நான் மறக்கவில்லை, மறக்கப்போவதுமில்லை.

உரிமம் இல்லாத அந்த இரண்டு வருடத்தைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். என்னைப்போல நில அளவை செய்யும் என் கூட்டாளி கிளோட் அதற்கு முந்திய வருடம் தன் உரிமத்தைப் புதுப்பிக்காமல் இருந்தான், வாவிக்கரையில் ஒரு காணியை அளந்துவிட்டு, “மச்சான், நீ போடுற ஒரு கையெழுத்துத்தானே” என்று வந்தான். படத்தை நம் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரில் வரைந்தது நீ. வரையும்போது, “வாப்பா, இந்தத் தண்ணிக்கோடு எந்தத் திகதியில எடுத்த?” என்று கேட்டாய். “நீ கீறுற வேலையைப் பாரு” என்றேன். கேள்வி சரியான கேள்வி. வயல் வட்டைகள் மூழ்குகின்றன என்று வாவியின் முகத்துவாரத்தைக் கடலுக்கு வெட்டிவிட்ட கிழமையில் அவன் அளந்திருந்தான், வாவி வற்றி முப்பத்தெட்டு பேர்ச்சஸ் பரப்புக்குச் சேறு வெளியே கிடந்தது, அதையும் காணி என்று படத்தில் சேர்த்துவிட்டான். நான் போய்ப் பார்க்காமலே கையெழுத்து வைத்தேன். வேலி வந்தது, மீன்பிடிக்கும் கோணாமலை தோணி கட்டும் இடம் வேலிக்குள் போனது. அடுத்த மழைக்கு அவர் வாசலில் வந்து நின்று, “சேர், வேலி தண்ணிக்குள்ள நிக்குது. நீங்க வந்து பாத்துத்தான் ஒப்பம் வெச்சீங்களா?” என்று கேட்டார். ஓம், பார்த்தேன் என்றேன். அந்த மனிதர் சண்டை பிடிக்கவில்லை, சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு போய் முறைப்பாடு எழுதினார்.

விசாரணையிலும் அதே கேள்விதான். தூரத்தில் நின்று பார்த்தேன் என்று சொல்லும்படி கிளோட் எனக்குப் பாடம் சொல்லித் தந்திருந்தான். நான் அந்த இடத்துக்குப் போகவே இல்லை என்றேன். இரண்டு வருடம் உரிமம் போனது, கோணாமலையின் தோணி பழைய இடத்துக்கு வந்தது. படத்தில் பெயர் இல்லாத கிளோட்டை யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்று நகரத்தில் பெரிய பலகை மாட்டியிருக்கிறான், நத்தார்ப் பண்டிகைக்கு எனக்குக் கேக் அனுப்புகிறான், நான் பிரிக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கச் சொல்கிறேன். உம்மா ஒரு துண்டு வெட்டி எடுத்துவிட்டுத்தான் கொடுக்கிறாள் என்பதும் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு வெள்ளிக்கிழமை மருமகனின் குரல் செய்தி வந்தது. “மாமா, நீங்க கஷ்டப்படாதீங்க, பழைய கடிதத்துல உங்கட கையெழுத்து கிடக்கு, ஸ்கேன் பண்ணிப் போட்டுருவம்.” மூன்று தரம் கேட்டேன். பின்னால் நீ சிரிப்பதும் கேட்டது. மருமகனிடம் சொல், உரிமம் திரும்பக் கிடைத்த அன்றே என் கையெழுத்தை மாற்றிவிட்டேன், பழையது இனி எங்கும் செல்லாது.

உன் படிவத்தை ஒப்பம் வைக்காமலே இதோடு மடித்து வைத்திருக்கிறேன். இன்று காலை வேறொரு தாள் எழுதிச் சங்கத்துக்கு நேரே அனுப்பிவிட்டேன், கையெழுத்தும் முத்திரையும் அதில் இருக்கின்றன. ஏழு மாதம் என்று எழுதியிருக்கிறேன். தண்ணீர்க் கோட்டின் திகதியை நீ கேட்டதையும், நான் உன் வாயை அடைத்ததையும், அதனால் எனக்கு உரிமம் போனதையும் எழுதியிருக்கிறேன். இப்படிப்பட்டவனின் சாட்சி வேண்டாம் என்றால் அவர்கள் தள்ளிவிடட்டும், நான் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன். மிச்ச ஐந்து மாதத்தை அங்கே ஒழுங்கான ஒருவரின் கீழ் நின்று முடி, இல்லையென்றால் இங்கே வா, கோல் மூலையில்தான் இருக்கிறது.

அல்லாஹ் உனக்கும் சின்னவளுக்கும் ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும். வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடி. உம்மாவுக்கு முழங்கால் பட்டி அனுப்புவதாகச் சொன்னதை மறக்காதே.

ஒப்பம் வைக்கப் பேனையைக் கீழே கொண்டுபோனபோதுதான் மருமகனின் ஸ்கேன் நினைவுக்கு வந்தது. என் புதிய கையெழுத்து அந்த வீட்டுக்கு வராது. பேனையை மூடிவிட்டேன், கையெழுத்து இல்லாமலே நாளை தபாலில் சேர்க்கிறேன். யார் எழுதியதென்று உனக்குத் தெரியும், அது போதும்.