சிவப்புக்குள் ஒரு வீடு

சியாவோங்கா
ஆகஸ்ட் 11

ட்வாம்போவின் அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் இருவரும் நலம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் இதை லுசாகா பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தில் நான் நல்லவள்.

ஏரி போய்க்கொண்டே இருக்கிறது. நம் வாசலிலிருந்து தண்ணீருக்கு நாற்பது தப்படி இருந்தது, நினைவிருக்கிறதா? நேற்று ட்வாம்போ எண்ணினாள், முந்நூற்றுப் பன்னிரண்டு. நாம் பிறப்பதற்கு முன்பே, அணை கட்டியபோது மூழ்கிப்போன மரங்கள் கிளைகளோடு எழுந்து நிற்கின்றன. சாயங்காலம் ஏரியின் தரையில் நடந்துவிட்டு வருகிறேன். மீன்கள் போன வழியில் நடப்பது சுகமாகத்தான் இருக்கிறது. திடீரென்று தலைக்கு மேல் இன்னும் தண்ணீர் இருப்பதுபோலத் தோன்றும், மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

கபென்டா மீன் பிடிக்கும் நம் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மீன் காயவைக்கும் பரண்கள் காலி. ஆழமான பக்கம் போய்க் கூண்டு கட்டி மீன் வளர்க்கலாமென்று பெண்கள் பதினொரு பேர் வங்கிக்குக் கடன் கேட்டுப் போனோம். மேனேஜர் சொன்னது இது:

"மத்திய வங்கில ஏதோ வறட்சி வரைபடம் போடுறாங்களாம்மா. நம்ம ஊரு சிவப்புல விழுந்துச்சுன்னா ஒரு குவாச்சாகூடக் கிடையாது. மஞ்சள்னா பழையபடி படகுக்குத் தர்றேன். கூண்டு கீண்டெல்லாம் நமக்குத் தெரியாத தொழில்."

உங்கள் ஆபீஸ்தானே? அதை யார் வரைகிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள்.

லுயாண்டோ


லுசாகா
ஆகஸ்ட் 25

அன்புள்ள லுயாண்டோ,

விசாரிக்கத் தேவையில்லை. நான்தான்.

வறட்சி இன்னும் இரண்டு வருடம் நீடித்தால் எந்த ஊரில் கொடுத்த கடன் திரும்பாது, அதனால் எந்த வங்கி ஆட்டம் காணும் என்று முன்கூட்டியே பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. ஏரி இறங்கினால் அணையில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மாவு மில்லிலிருந்து செப்புச் சுரங்கம் வரை எல்லாம் நிற்கும். எங்கள் தெருவில் இப்போது நாளுக்கு மூன்று மணி நேரம்தான் கரண்ட். நாட்டின் கஷ்டம் முழுக்க நம் வாசலில்தான் தொடங்குகிறது.

போன வாரம் மதியம் மேசையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். திரையில் ஏரியின் நீலம் சுருங்கிக்கொண்டே வந்தது. அதன் ஓரத்தில் நீ துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். கூப்பிட்டேன், நீ திரும்பவில்லை.

நம் ஊரை மஞ்சளாகவே வைத்திருக்கிறேன். போன வருடத்து நீர்மட்டத்தைப் போட்டால் மஞ்சள் வருகிறது. சிவப்பென்று தெரிந்தால் எல்லா வங்கிகளும் ஓடிவிடும், ஊர் அதோடு தீர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு ஒரு உறுதிமொழிப் படிவம் உண்டு. 'பாதிப்புப் பகுதியில் குடும்பத்தார் உண்டா?' என்று அதில் கேட்டிருந்தது. உண்டு என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். 'இல்லை' என்று எழுதினேன். உங்களுக்காகத்தான். கோபப்படாதே.

உன்
முன்சகா


சியாவோங்கா
செப்டம்பர் 8

திரு. முன்சகா அவர்களுக்கு,

அந்தப் படிவத்தைப் பற்றிய வரியை மூன்று தடவை படித்தேன்.

மூன்று வருடமாக ஊரில் யார் கேட்டாலும் "வருவாரு, வேலை ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டிருப்பவள் நான். சந்தையில் ஒருத்தி, "உன் புருஷனும் நம்ம ஆத்துச் சாமி நியாமி நியாமியும் ஒண்ணுடி. அணை கட்டுனதுல சாமி ஒரு பக்கம், அதோட பொண்டாட்டி மறுபக்கம்!" என்றாள். அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். நம் நடுவே அணை கட்டியது யார் என்று இப்போதுதான் தெரிகிறது. வலிக்கிறது.

மஞ்சளென்றால் என்ன நடக்கும் தெரியுமா? மேனேஜர் புதுப் படகுகளுக்குக் கடன் கொடுப்பார். வாங்கியவர்கள் அவற்றைக் கொண்டுவந்து என் படகுக்குப் பக்கத்தில் சேற்றில் நிறுத்துவார்கள். ஏரி சிவப்புதான். எங்களுக்கு அது தினமும் கண்ணில் படுகிறது. சிவப்பில் இருப்பவர்களும் காலையில் எழுந்து அடுப்பு மூட்டத்தான் வேண்டும். சிவப்பென்றால் ஓடிவிடு என்று எவர் எழுதியது? எழுதுகிற இடத்தில் நீங்கள்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்?

எங்களை இல்லையென்று எழுதி எங்களைக் காப்பாற்ற வேண்டாம். பதிலும் வேண்டாம்.

லுயாண்டோ


லுசாகா
அக்டோபர் 6

லுயாண்டோ,

பதில் வேண்டாம் என்றாய். இதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே, செய்தியாக எடுத்துக்கொள்.

திருமதி நகாஸ்வேயின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பிரிவின் தலைவி அவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பொண்டாட்டி இருக்கறத மறைக்கிற ஆம்பளைங்களை நிறையப் பாத்திருக்கேன். ஒரு வரைபடத்துக்காக மறைச்சவன் நீ ஒருத்தன்தான்."

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வரைபடம் கைமாறிவிட்டது. இந்த வருடத்து நீர்மட்டத்தைப் போட்டதும் நம் ஊர் சிவப்பாகிவிட்டது. சிவப்பு ஊர்களுக்கான கடன் விதியைப் பேசும் கடைசிக் கூட்டத்தன்று அவர் என்னை மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காரச் சொன்னார். "அதிகாரியா வாயைத் திறக்காதே. ஊர்க்காரனா அஞ்சு நிமிஷம் பேசு" என்றார். பேச்சுக்குப் பதிலாக, உன் கடிதத்தில் அடுப்பு மூட்டும் இடத்தைப் படித்தேன்.

விதியின் வரைவில் இப்போது ஒரு வரி சேர்ந்திருக்கிறது: சிவப்பு என்ற ஒரே காரணத்துக்காக, தொழிலை மாற்றிக்கொள்பவர்களுக்குக் கடனை மறுக்கக் கூடாது. வங்கிகள் எதிர்க்கின்றன. நிற்குமா என்று தெரியவில்லை.

வெளியே ஜக்கரண்டா பூக்கள் உதிர்ந்து தெருவே ஊதா நிறத்தில் கிடக்கிறது. அதில் நடந்தபோது நீ ஏரித் தரையில் நடப்பது நினைவுக்கு வந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

புதிதாகப் படிவம் நிரப்பினேன், இத்துடன் இருக்கிறது. குடும்பத்தார்: உண்டு. மனைவி லுயாண்டோ, மகள் ட்வாம்போ. அடுத்த வரியில் என் நிரந்தர முகவரியைக் கேட்கிறது. அதைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை நீ சொல்லாமல் எழுத எனக்கு உரிமையில்லை.

முன்சகா


சியாவோங்கா
அக்டோபர் 20

ட்வாம்போவின் அப்பாவுக்கு,

ஆத்துச் சாமிக்கு இப்படியொரு படிவம் இல்லாமல் போயிற்று, பாவம்.

மேனேஜர் இன்னும் தலையாட்டவில்லை. நாங்களும் விடுவதாக இல்லை. வாராவாரம் பதினொரு பேரும் போய் அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டு வருகிறோம்.

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நம் வீட்டுக்கு நம்பர் கிடையாதே, என்ன எழுதுவதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். ட்வாம்போ பேனாவைப் பிடுங்கி அவளே எழுதிவிட்டாள்: 'அம்மாவும் நானும் இருக்கிற வீடு, சியாவோங்கா. தண்ணீரிலிருந்து முந்நூற்று நாற்பது தப்படி.'

மழை வந்தால் அந்த எண்ணிக்கை மாறும். அதற்குள் வந்து ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

லுயாண்டோ