கிளட்ச் இல்லாத வண்டியும் உன் மகள் கல்யாணமும்

இன்று காலை உன் வண்டியின் ஆயில் கூலரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வசந்தாவின் கொண்டை ஊசியால் அதன் இடுக்குகளிலிருந்து மல்லிகைப்பூவைக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தேன். கருகி, ஆயிலில் ஊறி, ஒவ்வொன்றும் கிராம்பு மாதிரி இருந்தது. பூ வாசனையும் இல்லை, ஆயில் வாசனையும் இல்லை. அடிப்பிடித்த நெய்ச்சோறு மாதிரி ஒன்று மூக்கில் ஏறியது. காப்பி கொண்டுவந்த வசந்தா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "என்ன, அதுக்குப் பேன் பாக்குறீங்களா?" என்றாள்.

இதற்கு நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ரிஸ்வானா கல்யாணம் எப்படி நடந்தது என்று உனக்கு யாராவது சொல்ல வேண்டுமே.

நீ குவைத்தை முடித்துக்கொண்டு வந்த வருசம், சென்னையிலிருந்து அந்தப் பழைய ஜெர்மன் காரை ஓட்டிவந்தாய். ஆட்டோமேட்டிக் கியர், பாலாடை நிறம். கூத்தாநல்லூர் கடைத்தெருவே வந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தது. "இடது காலுக்கு வேலையே இல்லடா, மடக்கி வச்சுக்க" என்று சொல்லித்தான் என்னை உட்காரவைத்தாய். நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டவன், அரபு நாட்டில் வேன் ஓட்டியவன். இந்த இரண்டு தகுதியும் உள்ளவன் யார் பேச்சைக் கேட்பான்? கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின்சீட்டில் இருந்த உன் மாமனார் முன்சீட்டுக்கு வந்து சேர்ந்தார். நீ மட்டும் அசையாமல், "வண்டில எல்லாம் ஆட்டோமேட்டிக்தான் மாமா. டிரைவர்தான் மேனுவல்" என்றாய்.

மன்னார்குடி ரோட்டில் விட்டால் அது படகு மாதிரி போகும். ஊர்வலத்தில்தான் அதற்கு நோய் வரும். எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு உன் வண்டியைத்தான் கேட்பார்கள். பேண்டுக்காரர்கள் நடக்கிற வேகத்தில் தெருத் தெருவாக உருட்டினால் கியர்பாக்ஸ் ஆயில் கொதித்துவிடும். அந்த ஆயில் ரேடியேட்டரின் அடிப்பக்கம் போய்க் குளிர்ந்து திரும்ப வேண்டும் என்பது கம்பெனி ஏற்பாடு. ரேடியேட்டரே கொதிக்கும்போது அது எங்கே குளிரும்? "காய்ச்சல்காரன் நெத்தியில இன்னொரு காய்ச்சல்காரன் கை வச்சுப் பாக்குறாண்டா" என்பாய். வெளியே தனியாக ஒரு கூலர் மாட்டினால் தீர்ந்தது என்று கண்டுபிடித்ததும் நீதான். குவைத்திலிருந்து வரவிருந்த யாரிடமோ சொல்லி வரவழைத்தாய். அது வந்து சேர்ந்தபோது நீ தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய்.

அங்கேதான் என்னை மாட்டிவிட்டாய். "ரிஸ்வானா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை நம்ம வண்டிலதான் வரணும். நீதான் ஓட்டணும். அதுவரைக்கும் உன் வீட்டுல நிக்கட்டும்." சரி என்றேன். நீ எழுந்து நடமாடிக்கொண்டிருந்தால் "போடா வேலையைப் பாத்துக்கிட்டு" என்றிருப்பேன். அது தெரிந்துதான் படுத்துக்கொண்டு கேட்டாய்.

மாட்டை விற்றிருந்தோம். கொட்டகை காலியாக இருந்தது. மாடு நின்ற இடத்தில் வண்டி நின்றது. கயிறு என் கழுத்துக்கு வந்தது. வாரம் ஒரு நாளாவது ஸ்டார்ட் செய்து உருட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சீல் காய்ந்துவிடும். கோயம்புத்தூரிலிருந்து என் மகள் போன் போடும்போதெல்லாம், "அப்பா, மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு. ரெண்டு பேரும் வந்து இங்கேயே இருங்க, பேரனைப் பாத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு" என்பாள். "ரிஸ்வானா கல்யாணம் முடியட்டும்மா" என்பேன். பெற்றவளைவிட வசந்தாதான் உன் மகளுக்கு மாப்பிள்ளை தேடினாள். கூத்தாநல்லூரில் அவள் விசாரிக்காத வீடு இல்லை.

மாப்பிள்ளை அமைந்தது. சார்ஜாவில் வேலை, நல்ல பையன். நான் கூலரைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கார் மெக்கானிக்குகள் கிளட்ச் இல்லாத வண்டி என்றதும் பாம்பைப் பார்த்த மாதிரி பின்வாங்கினார்கள். கடைசியில் நெல் அறுக்கும் மெஷின் ரிப்பேர் பார்க்கிற சேகர்தான் கை வைத்தான். குறுவை அறுப்புக்கு இன்னும் நாள் இருந்ததால் சும்மா இருந்தான். வாய்தான் சும்மா இல்லை. "எங்க மெஷின்ல இல்லாத ஆயில் கூலரா அண்ணே? சூடான ஆயிலுக்கு நம்ம நெல்லு அறுக்குறமா, மாப்பிள்ளைய ஏத்துறமான்னு தெரியவா போவுது?"

முன்பக்கக் கிரில்லைக் கழற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் காற்று மோதுகிற இடத்தில் கூலரைப் பொருத்தினோம். ரேடியேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் பைப்பை வெட்டி, ஆயில் கூலருக்குள் போய் வருகிற மாதிரி ஹோஸ் இழுத்தோம். அறுப்பு மெஷின் ஹோஸ், யானைக்கும் தாங்கும் என்றான். நான் ஸ்டார்ட் செய்ததும் ஒரு முனை பிடுங்கிக்கொண்டது. சேகரின் பனியன் முழுக்கச் சிவப்பு ஆயில். அந்தப் பக்கம் வந்த அவன் பெண்டாட்டி ரத்தம் என்று நினைத்துப் போட்ட கூச்சலில் வெண்ணாற்றுக் கரை வரை ஆள் கூடிவிட்டது. மறுபடி கிளிப் போட்டு இறுக்கினோம். ஆயில் ஊற்றி, இன்ஜின் ஓடும்போதே குச்சியை விட்டு அளவு பார்த்து, திருவாரூர் வரை போய் வந்தோம். கியர்பாக்ஸைத் தொட்டால் கை சுடவில்லை. கிளம்பும்போது சேகர், மெஷின்காரர்களிடம் சொல்லிப் பழகிய வாயால், "வைக்கோல் அடைக்காம பாத்துக்குங்க அண்ணே. காத்து போவலேன்னா அது கூலர் இல்ல, டப்பா" என்றான். கல்யாண வண்டியில் ஏதடா வைக்கோல் என்று சிரித்தேன்.

கல்யாணத்தன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வண்டியை ஜோடித்தார்கள். முன்பக்கம் முழுக்க மல்லிகைப்பூப் போர்வை, கிரில் கண்ணுக்கே தெரியவில்லை. மாப்பிள்ளை ஏறியதும் அவர் பக்கக் கதவையும் சேர்த்து ரிப்பன் சுற்றிக் கட்டினார்கள். அழகாக இருக்கிறது என்று நானே போட்டோ எடுத்து கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். என்னை என்ன சொல்ல?

ஊர்வலம் பெரிய தெரு தாண்டும்போது சூட்டு முள் ஏறியது. ஏசியை அணைத்தேன். ரெண்டு பக்கக் கண்ணாடியிலும் பூ. முன்னால் பேண்டு, பின்னால் ஊரே வருகிறது. நிறுத்தவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. ஷெர்வானிக்குள் வெந்துகொண்டிருந்த மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"மாமா, ஏதோ தீயுதுல்ல?"

"எங்கேயோ பிரியாணிக்குத் தம் போடுறாங்க மாப்ள."

உன் தெரு முனையில் திரும்பியதும் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. சேகர் சொன்ன வைக்கோல் எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உன் வீட்டு சீரியல் விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் அமுக்கிப் பிடித்தால் எப்படியும் வாசலுக்குப் போய்விடலாம். கியர்பாக்ஸ் வெந்துவிடும். வெந்தால் என்ன? உனக்குக் கொடுத்த வாக்கு முடிந்தது, வண்டியும் முடிந்தது, நான் மறுநாளே கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறலாம். நிஜமாகவே அப்படி நினைத்தேன். ஆனால் கை போய்ச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டது. ஏன் என்று கேட்காதே.

"என்னாச்சு மாமா?"

"மூச்சு வாங்குது மாப்ள."

"எனக்கும்தான்" என்றவர், ரிப்பனை அறுத்துக் கதவைத் தள்ளி இறங்கிவிட்டார். எனக்குப் பதறியது. "நீங்க உக்காருங்க. மாப்பிள்ளை வண்டிலதான் வரணும்னு உங்க மாமனார் சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அவங்க இருந்தா இப்ப என்ன செஞ்சிருப்பாங்க?"

"என்னைத் திட்டிக்கிட்டே தள்ளியிருப்பாரு."

"அப்ப உங்களத் திட்டிக்கிட்டே தள்ளுறோம். நியூட்ரல் போடுங்க." ஷெர்வானிக் கையை மடித்துக்கொண்டு பின்னால் போனார். கூட்டாளிகளும் கை கொடுத்தார்கள். பேண்டுக்காரர்கள் நிறுத்தவே இல்லை, தள்ளுகிற வேகத்துக்குத் தாளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இப்படித்தான் உன் மருமகன் வேர்த்து வழிந்து, உன் வண்டியைத் தள்ளிக்கொண்டு உன் வாசலுக்கு வந்து சேர்ந்தார். நான் ராஜா மாதிரி ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தேன். மாடி ஜன்னலில் ரிஸ்வானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது தெரிந்தது. வாசலில் நின்ற உன் வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "விடுங்க அண்ணே, அவங்க காலத்துலயும் கல்யாணத்துக்குப் போனா இது இப்படித்தானே வீடு வந்து சேரும்" என்றார்.

அந்த வாரமே வசந்தாவையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன், சாவியைக் கொடுத்துவிட்டு வர. மாப்பிள்ளை சார்ஜா கிளம்ப இருந்தார். உன் வீட்டுக்காரம்மா டீ கொடுத்துவிட்டு, "தஞ்சாவூர்ல ஒருத்தவங்க இந்த மாதிரி வண்டிய ஆசையா வச்சுப் பாத்துக்குறாங்களாம். கேட்டு ஆள் அனுப்புனாங்க. கொடுத்துடலாமா அண்ணே? நீங்களும் எத்தனை நாளைக்குத்தான் கட்டி மாரடிப்பீங்க?" என்றார். இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்குமா? ஒருத்தரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. வசந்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதுதான் தங்கச்சி" என்றேன். சாவி பைக்குள் என் விரலில் மாட்டியிருந்தது. "ஆனா ஆயில் கருகிப் போயிருக்கு. அப்படியே கொடுத்தா நமக்கு அசிங்கம். மாத்தி, ஓட்டிப் பாத்துட்டுத் தர்றேன்."

தங்கச்சி சரி என்றார். எப்போது என்று கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் வசந்தா நின்று என் பக்கம் திரும்பினாள். "இனிமே உங்களைக் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன். நான் வியாழக்கிழமை மக வீட்டுக்குக் கிளம்புறேன்" என்றாள்.

"முன்னாடி போ, ஆயில் மாத்திட்டுப் பின்னாடியே வந்துடுறேன்" என்றேன். நம்பின மாதிரி தலையை ஆட்டினாள்.

நீ போன பிறகு இந்த ஊரில் என்னை அதட்டி வேலை வாங்க வேறு ஆள் இல்லை. உன் வண்டி ஒன்றுதான் இருக்கிறது. அதையும் கொடுத்துவிட்டு, அந்த மாடி ரூமில் போய் உட்கார்ந்து நான் என்ன செய்வேன், சொல்லு.