நாலு கெஜம் வெள்ளைத் துணி

மிங்கலா தாங்ஞுன்ட், ரங்கூன்
18.6.2006

அன்பு மகள் ராணிக்கும் மாப்பிள்ளை உதயசூரியனுக்கும் அம்மா வேலம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் முருகன் தயவில் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீங்கள் இருவரும் அதே போல இருக்க வேண்டும். முக்கியமாக மாப்பிள்ளை உயிரோடு இருப்பதில் எனக்குள்ள சந்தோஷத்தை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் போன செவ்வாய்க்கிழமை நாலு மணி நேரம் அவர் இந்த வீட்டில் செத்துப் போயிருந்தார்.

நீ கீழ்வீட்டு டோ சான் யிக்குப் போன் பண்ணி, அம்மாவை நாலு கெஜம் வெள்ளைத் துணி, தைக்காதது, அவள் கையாலேயே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வாசோ மாசத்துப் பௌர்ணமிக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்த அம்மாளும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மார்க்கெட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவள் பர்மாக்காரி, அவளுக்கு என்ன தெரியும். நம்மில் தாய்வீட்டிலிருந்து மகளுக்கு வெள்ளைத் துணி எப்போது போகும் என்று உனக்குமா தெரியாது? புருஷன் போனால்தான் போகும். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு, விரித்த கைலிகளைக்கூட மடிக்காமல், பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தெருவே கூடிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு கை உப்புக் கொடுத்திராத தங்கமணி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்தாள், மீசையே இல்லாத மாப்பிள்ளைக்கு முறுக்கு மீசை வைத்துப் பாடினாள், நானும் கூடவே பாடினேன். சாயங்காலம் டோ சான் யி போனில் நாலு தரம் முயற்சி பண்ணி லைன் கிடைத்தபோது எடுத்தது மாப்பிள்ளை. என்னங்கத்தை, சௌக்கியமா, குரல் ஏன் கம்மியிருக்கு, சளியா என்று கேட்டார். என் கையிலிருந்து போன் விழுந்துவிட்டது. இந்த இடத்தை மாப்பிள்ளை சிரிக்காமல் படித்துக் காட்டவும். தமிழ்க் கடிதம் படிக்கத் தெரியாமல் மகளை வளர்த்தது என் குற்றம்தான், ஆனால் இது சிரிக்கிற விஷயம் இல்லை.

அப்புறம் அவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. வலை நெய்யும் ஆலையில் கூட வேலை பார்க்கிற பெண்களிடம் பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டதாக நீ சொன்ன, தாய்லாந்துக் கிராமத்தார் பாடுகிற மோலாம் பாட்டு இப்போது மேடை ஏறிவிட்டதாம், புவா அம்மாள் என்று ஒருத்தி லாரி, விளக்கு, ஆட்டக்காரப் பெண்கள் எல்லாம் வைத்து நடத்துகிற குழுவில் உன்னைச் சேர்த்துக்கொள்ளப் போகிறாளாம், அதற்குக் குரு பூஜைத் தட்டில் வைக்கப் பெற்றவள் கையால் கொடுத்த வெள்ளைத் துணி வேண்டுமாம். எதற்கு நான்தான் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். முன்பொரு பெண் வீட்டுக்குச் சொல்லாமல் வந்து சேர்ந்து, பாதி ஆட்டத்தில் அவள் வீட்டார் மேடையேறி முடியைப் பிடித்து இழுத்துப் போனார்களாம், அன்றிலிருந்து அந்த அம்மாள் இப்படி ஒரு சட்டம் வைத்திருக்கிறாள் என்றார். உன் கூட்டத்திலேயே புத்தியுள்ள ஆள் அவள் ஒருத்திதான். என் துணி அவள் கையில் இருந்தால் நாளைக்கு நான் வந்து சண்டை போட முடியாது. சாமி காரியம் மாதிரி வைத்து என் சம்மதத்தை வாங்குகிறாள், வியாபாரம் தெரிந்தவள்.

பாட்டைக் கேட்காமல் நான் திட்டுகிறேன் என்று சொல்லிவிடாதே. மியாவடி எல்லை வழியாக மாசம் ஒரு நடை தாய்லாந்து போய்த் துணி எடுத்து வருகிற நம் சுலைமான் பாய் கோன்கேன் திருவிழாவில் யாரோ எடுத்து விற்ற விசிடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா, உங்க பொண்ணு பெரிய ஆளாயிடுச்சு, ஆனா என்னை ஏசப்படாது என்று சொல்லித்தான் கொடுத்தார். கரண்டு வந்த நேரமாகப் பார்த்துப் போட்டோம். முப்பது வருஷமாகத் துணியில் கை வைத்து வாழ்கிறவள் நான், ரயில்வே லைன் வீடுகளுக்குத் தலைச்சுமையாகக் கைலி கொண்டுபோய் விற்ற நாளிலிருந்து பார்க்கிறேன், நீ கட்டியிருந்தது பட்டு இல்லை, பாலியஸ்டரில் ஜிகினாவைப் பசை போட்டு ஒட்டியது, இரண்டு தண்ணீர் கண்டால் உதிரும். கன்னத்தில் இரண்டு பக்கமும் வட்டமாக அரைத்த தனகாப் பட்டை. இங்கே இருந்தபோது தனகா பூசடி வெயில் ஏறுது என்றால் முகத்தைச் சுளிப்பாய், அங்கே பர்மாக்காரி என்று காட்ட அப்பிக்கொண்டு நிற்கிறாய். பின்னால் ஒருவன் மூங்கில் குழல்களை அடுக்கிக் கட்டியதை வாயில் வைத்து ஊதுகிறான், அவனும் நிறுத்தவில்லை, நீயும் நிறுத்தவில்லை. என்ன பாட்டு என்று பாயைக் கேட்டேன். பாங்காக்குக்கு டாக்சி ஓட்டப் போனவன் நடவுக்குத் திரும்பி வரவில்லை, வயலில் நின்று அழுகிறாள் என்றார். எந்த வயலில் நீ நின்றாய்? ரயில் போனால் அதிர்கிற மூன்றாம் மாடியில் பிறந்து, அரிசியைக் கடைப் பையில் மட்டுமே பார்த்தவள். கட்டினவர் பக்கத்திலேயே உட்கார்ந்து உனக்கு மாங்காய் சீவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், நீ ஊர் பேர் தெரியாத டாக்சிக்காரனுக்காக மூக்கைச் சிந்துகிறாய். கோவிலில் மார்கழி பஜனைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் தொண்டை வலிக்கிறது என்றவளுக்கு அடுத்த நாட்டுக்காரன் பாட்டுக்குத் தொண்டை வந்துவிட்டது.

ஜனங்கள் கை தட்டுகிறார்கள் என்று மயங்காதே. குரங்கு சைக்கிள் ஓட்டினால் கை தட்டுகிறோம், குரங்கு நன்றாக ஓட்டுகிறது என்பதற்காக இல்லை. மைக்கில் பேசுகிறவன் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பர்மாப் பெண், பர்மாப் பெண் என்று சொல்கிறானாம், பாய் எனக்குச் சொன்னார். சீனாவிலிருந்து விளக்கு எரிகிற செருப்பு வந்தபோது நம் மார்க்கெட் எப்படி அலைமோதியது என்று உனக்கு நினைவிருக்கும், மூன்று மாசம் கழித்து அதை இனாமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆளில்லை. வெளியூர்ச் சரக்கு என்பதற்காக ஓடுகிற சரக்கு அப்படித்தான் நிற்கும். அதற்கப்புறமும் உன்னைக் கேட்க வேண்டுமானால் அவர்கள் ஊர்ப் பெண்களைவிட நீ நன்றாகப் பாட வேண்டும், அது நடக்கிற காரியமா என்று நீயே உன்னைக் கேள். இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், எடை போட்டவள் ஒரு தட்டை மறைக்கக் கூடாது. அந்தப் பாட்டின் கடைசியில் ஒரே இழுப்பாக இழுத்தாய், குழல் ஊதுகிறவன் இரண்டு தரம் மூச்சு வாங்கினான், நீ வாங்கவில்லை. அது பாட்டுக் கற்றதால் வந்தது இல்லை. சனிக்கிழமைகளில் என் பக்கத்தில் நின்று மார்க்கெட் கோடிவரை கேட்கக் கைலி விலை கூவினாயே, அந்த நெஞ்சு. உன் அப்பா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு விசிடியைக் கீறல் விழ வைத்துவிட்டார், கேட்டால் மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்கிறார்.

சரி, துணிக்கு வருகிறேன். கொடுக்க மாட்டேன் என்றுதான் மூன்று நாள் இருந்தேன். லாரியில் ஊர் ஊராகப் போவது, மாப்பிள்ளை ஆலைச் சாப்பாட்டில் கிடப்பது, ஊர்க்காரர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது, எல்லாம் யோசித்தேன். மாப்பிள்ளையிடம் போனில் நேராகவே கேட்டேன், உங்களுக்கு இது சம்மதமா என்று. அத்தை, ஆலையில எட்டு மணி நேரம் வாயைத் திறக்காத பொண்ணு அங்க போனா சிரிக்குது, நான் என்னத்தச் சொல்ல என்றார். கெட்டிக்காரத்தனம் இல்லாத பதில், ஆனால் பொய் இல்லை. நான் பதினாறு வயதில் தலையில் மூட்டை ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டியபோது என் அம்மாவிடம் கேட்கவில்லை, நீ கேட்டாய், அதுவரைக்கும் நல்லது. கடையில் இருப்பதிலேயே நெருக்க நெசவாக நாலு கெஜம் கிழித்தேன். ஆனால் புருஷன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது என் மகளுக்கு என் கையால் வெறும் வெள்ளை போகாது, அந்த நாட்டில் அதற்கு எந்த அர்த்தம் இருந்தாலும் சரி. அதனால் நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்து வைத்திருக்கிறேன். சுலைமான் பாய் புதன்கிழமை புறப்படுகிறார், அவர் கையில் வருகிறது. புவா அம்மாள் கறை என்று சொல்வாள். கறை இல்லை, என் மகள் சுமங்கலி என்று அவளுக்கு அவள் பாஷையிலேயே சொல், பாட்டுப் பாடத் தெரிகிறது, இதைச் சொல்லத் தெரியாதா. அப்படியே ஏற்றுக்கொண்டால் நான் சம்மதித்தேன் என்று வைத்துக்கொள், குழுவோடு போ. சுத்த வெள்ளைதான் வேண்டும் என்று அவள் திருப்பினால் மறு பேச்சு இல்லாமல் துணியை மடித்து எடுத்துக்கொண்டு ஆலைக்கே திரும்பு. அவசரத்தில் நீ சோப்புப் போட்டு அந்த மஞ்சளைக் கழுவிவிட்டுத் தட்டில் வைத்தாயானால் அது நான் கொடுத்த துணி இல்லை, கடையில் வாங்கின துணி.

வேலை அட்டையை ஜிகினாப் பாவாடையில் செருகாமல் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு மேடை ஏறு, போலீஸ்காரன் பாட்டைக் கேட்டு விடமாட்டான். மழை ஆரம்பித்துவிட்டது, இஞ்சி தட்டிப் போட்டுக் குடி. இருவரும் தீர்க்காயுசாக, ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் இருக்க முருகன் துணை. அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு. அந்த அம்மாள் மஞ்சளைப் பார்த்து என்ன சொன்னாள் என்று டோ சான் யிக்குப் போன் பண்ணு, இந்தத் தடவை எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
அ. வேலம்மா