அறைக்கு இரண்டு பேர்

சூரிச், 3 மார்ச் 1987, செவ்வாய்

புது வேலையில் முதல் நாள். ஃபிராவ் எக்லி, அதாவது எக்லி அம்மா, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், இந்த நகரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் எவ்வளவு நெருக்கியடித்து வாழ்ந்தன என்று வீடு வீடாக அளந்திருக்கிறார்களாம். அதே தெருக்களை அவர் இப்போது மறுபடி அளக்கிறார். அங்கே இன்று இருப்பவர்கள் இலங்கையிலிருந்து தஞ்சம் கேட்டு வந்த எங்கடை தமிழ்ப் பெடியள். அதனால்தான் மொழிபெயர்க்க நான்.

கணக்கு எளிது. அறைக்கு இரண்டு பேருக்கு மேல் இருந்தால் நெரிசல். சமைக்கிற குசினி அறையாகாது. சின்னப் பிள்ளை என்றால் அரை ஆள்.

"அரை ஆளா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

11 மார்ச்

ரயில் பாதையோரம் ஒரு பழைய வீடு, மூன்றாம் மாடி. இரண்டு அறைகளில் பதினொரு பேர். பாதிப்பேர் ஹோட்டல் குசினிகளில் கோப்பை கழுவப் போயிருக்க, மற்றவர்கள் அதே மெத்தைகளில் படுத்திருந்தார்கள். ஒருவன் எழும்ப மற்றவன் படுப்பானாம். போர்வை ஆறுவதே இல்லை.

சிவநேசன் என்ற பெடியன்தான் கதைத்தான். "பொலிசுக்கோ அக்கா?"

"இல்லைத் தம்பி, படிப்பு வேலை. உங்கடை விலாசம் ஒருத்தருக்கும் போகாது."

அவன் அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தான். பிறகு எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினான். இருக்க இடமில்லாததால் நின்றபடியே குடித்தோம்.

12 மார்ச்

அந்த அறையின் ஈர மணம் இன்னும் என் கோட்டில் இருக்கிறது.

18 மார்ச்

எப்படி எழுத?

அதே வீட்டில் கீழ்த்தளத்தில் ஃபிராவ் கெர்பர் என்ற சுவிஸ் அம்மா தனியாக இருக்கிறார். பிறந்ததே அந்த வீட்டில்தான். பழைய அளவெடுப்பு அவருக்கு நினைவிருக்கும் என்று ஃபிராவ் எக்லி ஆசையோடு மணி அடித்தார். அந்த அம்மா அளவுநாடாவைப் பார்த்தார். எங்களை உள்ளே விடவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றே சொன்னார்:

"எனக்கு ஏழு வயது. இப்படித்தான் இரண்டு பேர் வந்தார்கள். நாங்கள் ஒரே அறையில் எட்டுப் பேர். அம்மா அவர்களுக்குக் கோப்பி கொடுத்தாள். கொஞ்ச நாளில் அரசாங்க அலுவலகத்திலிருந்து வேறொருவர் வந்தார். இங்கே இடம் போதாது என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பண்ணையில் விட்டார்கள், மாடு பார்க்க. அவனுக்கு ஐந்து வயது. அம்மா திருப்பிக் கேட்கப் போனாள். 'இப்போது இடம் இருக்கிறதா?' என்றார்களாம். ஒன்பது வயதில் அங்கேயே செத்துப்போனான்."

ஐந்து வயது. அரை ஆள்.

இந்த நாட்டிலையோ? சுவிசிலையோ? இஞ்சை எல்லாம் எப்பவும் ஒழுங்காய்த்தான் இருந்தது எண்டெல்லோ நான் நினைச்சனான்!

கதவைச் சாத்துமுன் அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "மேல்மாடிப் பையன்களை எங்கே அனுப்பப் போகிறீர்கள்?"

டிராமில் ஃபிராவ் எக்லியிடம் கேட்டேன், அந்த விலாசம் யாரிடம் இருக்கிறது என்று. ஆராய்ச்சிக்கு ஆதரவு தருகிற அலுவலகம் ஒன்று கேட்டதாம். போன வெள்ளியே கொடுத்துவிட்டாராம். "பெரிய வீடு பார்த்துக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன், செசீலியா."

என் வாயாலை சொன்னனான். ஒருத்தருக்கும் போகாது எண்டு என்ரை வாயாலை.

27 மார்ச்

சிவநேசன் போன் எடுத்தான். அந்த அலுவலகத்திலிருந்து வீட்டுக்காரருக்குக் கடிதம் போயிருக்கிறது; மாத முடிவோடு எல்லோரும் வெளியேற வேண்டுமாம். "அக்கா, நீங்கள் சொன்னனீங்கள்தானே..." அவ்வளவுதான் சொன்னான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

31 மார்ச்

போனோம். படிக்கட்டு முழுக்கப் பைகளோடு பெடியள். வீட்டுக்காரரின் ஆளோடு ஃபிராவ் எக்லி வாதாடினார். அவன் அமைதியாகச் சொன்னான்: "அறைக்கு இரண்டு பேர். நீங்கள் அளந்ததுதானே?" அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போனது.

அப்போது கீழே கதவு திறந்தது. ஃபிராவ் கெர்பர் சப்பாத்துக்கூடப் போடாமல் வந்தார். கிட்ட நின்றவனின் பையைப் பிடுங்கினார். "என்னிடம் இரண்டு அறை. நான்கு பேர் வாருங்கள்." அந்த ஆள் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நான் இங்கே பிறந்தவள்" என்றார் அந்த அம்மா. அவன் போய்விட்டான்.

மூன்று பேர் வில் என்ற ஊரில் இருக்கிற சொந்தக்காரரிடம் போனார்கள். சிவநேசனோடு மிச்ச நாலு பேரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். என் கணவர் றெஜினோல்ட் கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, அவர்களைப் பார்த்து, "சாப்பிட்டியளோ?" என்று கேட்டார். அப்பதான் எனக்கு அழுகை வந்தது.

12 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

எங்கள் ஒரே அறையில் ஆறு பேர், வீட்டுக்காரருக்குத் தெரியாமல். மேசைக் கதிரைகளைக் கட்டிலுக்கு மேல் ஏற்றிவிட்டுத்தான் பாய் விரிக்கிறோம். ஃபிராவ் எக்லி அளப்பதை நிறுத்திவிட்டார். வீடு தேடுகிறார். தமிழர் என்றதும் போனை வைத்துவிடுகிறார்களாம்.

பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். வாசல் மணி அடித்தது. நான்தான் முதலில் எழும்பினேன். ஒன்றும் யோசிக்கவில்லை. சிவநேசனையும் மற்ற மூன்று பேரையும் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். அவர்களின் நாலு சாப்பாட்டுக் கோப்பைகளையும் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். பிறகுதான் திறந்தேன்.

ஃபிராவ் கெர்பர். கையில் அப்பிள் கேக்.

அவர் மேசையைப் பார்த்தார். வாசலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு நேரே குளியலறைக் கதவடிக்குப் போய், சின்னப் பிள்ளைகளிடம் பேசுவதுபோல் மெல்லச் சொன்னார்:

"நான்தான். வெளியே வரலாம்."