தங்கச்சி ரத்தமும் புதுச் சோயாவும்

என் நெட்டை மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம்தான், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒரு வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் தங்கச்சி கண் காது மூக்கு வைத்துச் சொல்வாள். ஆராய்ச்சிக்கூடத்தில் ரத்தம் கொடுத்தது அவள், மயங்கி விழுந்தது நான். அவள் கட்டிலில் என்னைப் படுக்கவைத்து அவளுக்கு வைத்திருந்த பழச்சாற்றையும் எனக்கே ஊற்றினார்கள். "குடிச்சது போதும், எந்திரிம்மா" என்கிறாள்.

எதற்கு ரத்தம் என்று கேட்பாய். முந்திரியிலிருந்து ஏதோ ஒரு மரபணுவை எடுத்துச் சோயாவில் வைத்துப் புதுப் பயிர் செய்திருக்கிறார்களாம், சத்து கூடுமாம். போன வருஷம் வேலை இடத்தில் யாரோ கொடுத்த கேக்கில் முந்திரித்தூள் இருந்து இவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டதே, அந்த அலர்ஜி சோயாவுக்குள்ளும் குடியேறிவிட்டதா என்று பார்க்கத்தான், முந்திரி ஆகாதவர்களின் ரத்தத்தைச் சோயாச் சாற்றோடு சேர்க்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று போய்ச் சோயாவில் ஒட்டிக்கொண்டால் ஆபத்தாம். நானோ ஆலையில் நாள் முழுக்கக் காலர் தைத்துவிட்டு, கடையில் நின்று பொட்டலத்தின் பொடி எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கிறேன். "என்னக்கா, பரீட்சை எப்போ?" என்கிறார் கடைக்காரர். கண்ணும் ஓய்ந்துவிட்டது, நானும் ஓய்ந்துவிட்டேன். சோயா என்று மட்டும் போட்டுவிட்டு உள்ளே முந்திரிக் குணம் உட்கார்ந்திருந்தால் எதைப் படித்து அவளைக் காப்பாற்றுவேன்?

நேற்று ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூப்பிட்டுப் பதில் சொன்னார்கள். ஒட்டிக்கொண்டதாம், இவளுடையது மட்டுமில்லை, மற்றவர்களுடையதும். பயிரை இத்தோடு நிறுத்திவிட்டார்கள். அந்தப் பயிரே கதியென்று கிடந்த விஞ்ஞானி அம்மாவுக்கு முகம் வாடித்தான் இருந்தது, ஆனாலும் "வயலுக்குப் போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே, அது போதும்மா" என்றாள். ஒட்டாமல் இருந்திருந்தால் பயமே இல்லையா என்று உன் தங்கச்சி விடாமல் கேட்டாள். அந்தப் புதுச் சத்து வயிற்றில் சுலபமாகக் கரைகிறதா என்றும் பார்ப்போம், அப்புறமும் சத்தியம் பண்ண முடியாது என்றாள் விஞ்ஞானி. ஆக என் படிப்பு இப்போதைக்கு முடியாது.

நீ நோய்நொடி அண்டாமல் நல்லா இரு. பொட்டலத்தைப் பிரிக்கும் முன் படி, உனக்கு ஒன்றும் ஆகாது என்றாலும் பழக்கம் இருக்கட்டும். தங்கச்சியைக் கூப்பிட்டுப் பேசு, தைரியசாலி போல இருக்கிறாள், உள்ளுக்குள் பயம்தான்.

இப்படிக்கு,
உன் மயக்கக்காரி அம்மா

பின்குறிப்பு: ரத்தம் கொடுத்ததற்கு நன்றி சொல்லி ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு பிஸ்கட் பெட்டி வந்தது. படித்துப் பார்த்தேன். முந்திரி பிஸ்கட். உங்கப்பா மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறார்.