நிலா பெயரில் ஓர் அழைப்பு

ஜூன் 3, செவ்வாய்

திருவான்மியூர் கடற்கரையில் நிலா என் கையைப் பிடித்தாள். கல்யாணமான பத்து வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவளாகக் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். பார்த்தால், அவள் கண் வாட்சில் இருக்கிறது. நாடி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். "தொண்ணூத்தி நாலு. இன்னா மாமா, ஜாஸ்தியா கீது?" எரிச்சலில் இருக்கிறவனுக்கு ஜாஸ்தியாகத்தான் இருக்கும்.

ஜூன் 5

பாப்பாவுக்குத் திராட்சையை நாலாக நறுக்கித்தான் தரவேண்டுமாம், தொண்டையில் சிக்குமாம். எங்கள் பாப்பா தமிழ்மொழிக்கு எட்டு வயது முடிந்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

நிலா வேலை பார்க்கிற ஆம்புலன்ஸ் கம்பெனி இன்று கிண்டியில் ஒரு மண்டபத்தில் மனநல முகாம் நடத்தியது. அவளுடைய வார விடுமுறை போச்சு. நூற்றைம்பது பேர், ஒரு மணி நேரம். கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னார்களாம், குரூப் போட்டோ எடுத்தார்களாம், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்களாம். மார்ச்சில் அடையாறு சிக்னலில் வண்டி நின்றபோது ஆறு மாதக் குழந்தை ஒன்று அவள் கையிலேயே போய்விட்டதே — அதைப் பற்றி யாராவது கேட்டார்களா என்றேன். "நூத்தம்பது பேர் முன்னால எவ சொல்லுவா?" என்று பாட்டிலைக் கழுவப் போய்விட்டாள்.

ஜூன் 11

பாட்டிலில் ஒட்டியிருந்த உதவி எண்ணுக்குத் தையல் கடையிலிருந்து நானே போன் போட்டேன். பேன்ட்டுக்கு ஜிப் மாற்ற வந்தவரை நிற்க வைத்துவிட்டு. காலை பத்திலிருந்து ஐந்து வரைதான் பேசுவார்களாம். அவளுக்கு டூட்டி எட்டிலிருந்து எட்டு. யாருக்காக இந்த எண்? அதுவும் ஊழியர் மட்டும்தான் பேசலாமாம், வீட்டுக்காரனுக்கு சிஸ்டத்தில் இடமில்லையாம். வெறுத்துப்போய் அவளுடைய ஊழியர் எண்ணைச் சொன்னேன். உடனே இடம் வந்துவிட்டது. எண் சரியாக இருந்தால் ஆம்பிளைக் குரல் பரவாயில்லை போலிருக்கிறது. தூங்குகிற பாப்பாவின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பதைச் சொன்னேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவதைச் சொன்னேன். எதிர் மெஷினில் கடையில் என் கூட்டாளி இனாயத் பாய் கத்தரியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 18

மாட்டிக்கொண்டேன். போன வாரம் பேசினீர்களே, இப்போது பரவாயில்லையா என்று நிலாவுக்கே போன் செய்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். வீட்டுக்குள் வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. "என் பேர்ல இன்னா சொன்ன?"

எல்லாவற்றையும் சொன்னேன். விரல், குழாய், எல்லாம். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "தண்ணி சத்தத்துல கேக்காதுன்னு நெனச்சேன்" என்றாள்.

கேட்டுச்சு நிலா. மூணு மாசமா தெனமும் கேட்டுச்சு. இத்துனூண்டு வூட்ல கேக்காம எங்க போகும்? இதை அவளிடம் சொல்லத் தெரியாமல் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 19

காலையில் டிபனைக் கட்டி வைத்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் ஓரத்தில் திராட்சை, நாலாக நறுக்கியது. எனக்கு.

ஜூன் 23

அந்த உதவி எண்ணுக்கு அவளே போன் செய்து சண்டை போட்டிருக்கிறாள். மண்டபம் வேண்டாம், கதவு மூடுகிற அறை வேண்டும் என்று. சனிக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது.

ஜூன் 28, சனி

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்தெருவில் ஒரு மாடி. ஆலோசகர் பெயர் ஸ்நேஹா. முக்கால் மணி என்றார்கள், ஒன்றேகால் மணி ஆனது. கீழே வண்டியை நிறுத்தவிடாமல் இரண்டு முறை விரட்டினார்கள்.

கண் வீங்கி இறங்கி வந்தாள். அந்தக் குழந்தையைப் பற்றி முழுதாகச் சொல்லிவிட்டாளாம். வண்டியில் ஏறிய பிறகு, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு எனக்கும் நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். எனக்கு என்ன கேடு என்று கேட்டேன்.

"நான் டூட்டிலேர்ந்து வர்ற வரைக்கும் நீ ஒரு வாய் சோறு துன்றதில்ல மாமா. போன் அடிச்சா மெஷின வுட்டுட்டு ஓடுற. தெச்சதையே பிரிச்சிப் பிரிச்சித் தெச்சிக்கினு கீறியாம், பாய் சொன்னாரு."

இனாயத் பாய்க்கு இந்த ஊர்வம்பெல்லாம் எதற்கு? நாளைக்கு நன்றாகக் கேட்கப்போகிறேன். வியாழக்கிழமை காலையில் கடையையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.